பரிமாறும் கைக்கு ஒரு மரியாதை

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் நம் தோட்டத்து ஜனங்களுக்குத் தனி உற்சாகம். பொழுது விடிந்ததும் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும். முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் கூடையுடன் மனைவி. பட்டணத்தில் ரொட்டி சானாயோ தோசையோ சாப்பிட்டுப் பசியாறிவிட்டு, பசாரில் மீன், காய்கறி வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஆறு நாள் செம்பனைக் குலையோடு மல்லுக்கட்டிய உடம்புக்கு அந்த ஒரு வேளைச் சாப்பாடுதான் திருவிழா.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, கூலாய் பட்டணத்துக் கடையொன்றில் நானும் என் குடும்பத்தாரும் உட்கார்ந்திருந்தோம். செனாய் விமான நிலையம் பக்கத்தில்தான். 1974-ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்ட நாளிலிருந்து அந்த வட்டாரத்துத் தோட்டங்களின் தலைக்கு மேலேதான் விமானங்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன. அன்றும் ஒன்று இரைச்சலோடு தாழப் பறந்து போயிற்று.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் தாயார் எங்கள் மேசைக்கு வந்தார். முகத்தில் கவலை.

"சார், பெரியவளுக்கு விமானப் பணிப்பெண் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு. போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. தட்டு தூக்குற வேலைக்கா எஸ்.பி.எம். வரைக்கும் படிக்க வச்சேன்னு அவங்கப்பா சத்தம் போடறாரு. ஊரு சனம் வேற என்னென்னமோ பேசுதுங்க. நீங்கதான் ஒரு நல்ல வார்த்தை சொல்லணும்."

நான் வாய் திறப்பதற்குள் அடுத்த மேசையில் ஒரு கூச்சல். "டேய்! கறி ஆறிப் போயிருக்கு, எவன்டா இதைத் திம்பான்?" என்று ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டார். பரிமாறிய பையனுக்கு இருபது வயது இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவன். ஒன்றும் பேசாமல் குனிந்து, சிந்திய கறியைத் துடைத்தான்.

அந்தத் தாயாரின் கேள்விக்குப் பதில் அந்த மேசையிலேயே இருப்பதாக எனக்குப் பட்டது.

தட்டு தூக்குகிற வேலையா?

விமானப் பணியாளர் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது அழகான உடையும் தள்ளுவண்டியும்தான். ஆனால் அவர்களை விமானத்தில் வைத்திருப்பதற்கு முதற் காரணம் சாப்பாடு அல்ல, பாதுகாப்பு. ஆபத்து நேர்ந்தால், பாதிக் கதவுகள் திறக்க முடியாமற் போனாலும் 90 விநாடிக்குள் எல்லாரையும் வெளியேற்ற முடியும் என்று மெய்ப்பித்த பிறகே பெரிய விமானங்களுக்கு அனுமதி கிடைக்கிறது. வெளியேற்றுகிற வேலை பணியாளருடையது.

2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், இறங்கிக்கொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடலோரக் காவல் படையின் சிறு விமானத்தோடு மோதித் தீப்பற்றியது. சிறு விமானத்தில் இருந்த 5 பேர் இறந்தனர். பெரிய விமானத்தில் 379 பேர். உள்ளே புகை. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பணியாளர்கள் தொண்டை கிழியக் கத்தி, எந்தக் கதவு பத்திரமானது என்று பார்த்துத் திறந்து, பைகளை எடுக்க விடாமல் பயணிகளை இறக்கினர். 379 பேரும் உயிர் தப்பினர்.

எல்லா நாளும் அப்படி விடிவதில்லை. நம் ஜொகூர் மண்ணிலேயே 1977-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் கடத்தப்பட்டு, தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. பயணிகள் 93 பேர், பணியாளர்கள் 7 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த ஏழு பேரும் வேலைக்குப் போனவர்கள், நாம் பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போவது போல.

ஆகவே, அது வெறும் தட்டு தூக்குகிற வேலை அல்ல. அப்படியே தட்டு தூக்கினாலும் அதில் என்ன கேவலம்?

ஒரு சாப்பாட்டு டப்பாவின் கதை

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெங்களூர் விமான நிலையத்தில் ஒரு சம்பவம். கல்கத்தாவுக்குப் புறப்பட வேண்டிய ஏர் இந்தியா விமானத்தின் தலைமை விமானி, தாம் வீட்டிலிருந்து கொண்டு வந்த சாப்பாட்டைச் சூடாக்கித் தரும்படி பணியாளர் ஒருவரிடம் சொன்னார். பிறகு டப்பாவைக் கழுவிக் கொடுக்கவும் சொன்னாராம். வாக்குவாதம் வளர்ந்தது. பயணிகள் பார்த்துக்கொண்டிருக்கவே சண்டை முற்றியது. விமானம் புறப்பட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாயிற்று. இருவரையும் இறக்கிவிட்டு, விசாரணைக்கு உத்தரவிட்டது நிறுவனம்.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான், விமானிகள் தங்களுக்கென்று விசேஷ உணவு வரவழைக்கக் கூடாது, மருத்துவக் காரணம் இருந்தால் மட்டுமே அனுமதி என்று அதே நிறுவனம் சுற்றறிக்கை விட்டிருந்தது. ஆகாயத்தில் பறந்தாலும் மனிதனுக்கு வயிற்றுப் பிரச்சினையும் கௌரவப் பிரச்சினையும் கூடவே பறக்கின்றன!

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் தகப்பனார் ஞாபகம் வந்தது. அவர் வேலை பார்த்த தோட்டத்தில், மேலதிகாரி ஒருவரின் சாப்பாட்டுக் கூடையைச் சுமப்பதும், சாப்பிட்ட பாத்திரத்தைக் குழாயடியில் கழுவிக் கொடுப்பதும் கொஞ்ச காலம் அவர் தலையில் விழுந்தது. அவருடைய வேலையோ பால் வெட்டு. ஒருநாளும் வீட்டில் அதைப் பற்றிக் குறை சொன்னதில்லை. ஆனால் தாம் சாப்பிட்ட தட்டை என் தாயாரைக் கழுவ விட்டதும் இல்லை. தாமே கழுவிக் கவிழ்த்து வைப்பார். காரணம் எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

விமானியின் டப்பாவைக் கழுவுவது பணியாளரின் வேலையில் சேர்ந்ததா இல்லையா என்பது ஒரு கேள்வி. பயணிகள் முன்னிலையில் இரண்டு பேரும் சண்டை பிடித்தது சரியா என்பது வேறொரு கேள்வி. முதலாவதில் நியாயம் இருந்தாலும் இரண்டாவதில் தவறு நேரலாம். நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். அநியாயமான உத்தரவுக்குப் பணிந்துபோக வேண்டும் என்பதில்லை. ஆனால் எதிர்ப்பைத் தெரிவிக்க இடமும் முறையும் உண்டு.

ஒரு பிடி கடலைக்காக

முதலாளி வீட்டார் நடத்தை கெட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொரியாவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி நியூயார்க் விமான நிலையம். கொரியன் ஏர் நிறுவனத்தின் துணைத் தலைவரும் அதன் தலைவருடைய மகளுமான சோ ஹியூன் ஆ முதல் வகுப்பில் அமர்ந்திருந்தார். அவருக்கு மக்கடேமியா என்ற கொட்டையைத் தட்டில் வைக்காமல் பையோடு கொடுத்துவிட்டார்களாம். அதற்காகப் பணியாளரை ஏசி, தலைமைப் பணியாளர் பார்க் சாங் ஜின்னை மண்டியிட வைத்து, நகரத் தொடங்கிவிட்ட விமானத்தைத் திருப்பி அவரை இறக்கிவிடச் செய்தார்.

நாடே கொதித்தது. 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நீதிமன்றம் அந்த அம்மையாருக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. மே மாதத்தில் மேல்முறையீட்டில் தண்டனை 10 மாதமாகக் குறைந்து, அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டு அவர் வெளியே வந்தார். ஆனால் மகளின் செயலுக்காகத் தகப்பனார் நாட்டு மக்கள் முன் தலை குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

கூலாய் கடையில் தட்டைத் தள்ளிவிட்டவருக்கு விமான நிறுவனம் இல்லை. ஆனால் இரண்டு பேருடைய மனமும் ஒரே அச்சில் வார்த்தது. காசு கொடுத்துவிட்டால் பரிமாறுகிறவனின் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைப்பு.

சமையற்காரரின் விரல்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். மரியாதை கேட்கிற கைக்குக் கடமையும் உண்டல்லவா?

1975-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், தோக்கியோவிலிருந்து பாரிசுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்துக்கு அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் சாப்பாடு ஏற்றினார்கள். பன்றி இறைச்சி வைத்த முட்டை ஆம்லெட். அதைத் தயாரித்த சமையற்காரர் ஒருவரின் விரலில் புண். அந்தப் புண்ணிலிருந்த கிருமி இறைச்சியில் ஏறியது. போதிய குளிர்ச்சி இல்லாமல் பல மணி நேரம் கிடந்த உணவில் கிருமி பெருகி நஞ்சைக் கக்கியது. மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. கோப்பன்ஹேகனில் இறங்குமுன்பே பயணிகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகச் சுருண்டார்கள். 197 பேர் நோயுற்றனர். அவர்களில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உணவு நிலையத்தின் பொறுப்பாளர் அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

விமானிகளுக்கு அது காலைச் சாப்பாட்டு நேரம் அல்ல. ஆகையால் அவர்கள் ஆம்லெட்டைத் தொடவில்லை. தொட்டிருந்தால் விமானத்தை யார் இறக்கியிருப்பார்? பல நிறுவனங்களில் இரண்டு விமானிகளுக்கும் வெவ்வேறு உணவு கொடுப்பது இந்தப் பயத்தினால்தான்.

ஒரு விரல் புண்! "இன்றைக்கு எனக்குச் சமையல் வேண்டாம், கை சரியில்லை" என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அதைச் சொல்லாமற் போனால் ஒரு நாள் சம்பளம் மிஞ்சலாம். ஆனால் அதற்கு மற்றவர்கள் கொடுக்கும் விலை பெரிது.

நம் பட்டணத்துக் கடைகளுக்கும் இது பொருந்தும். 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி மலேசியாவில் உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், மேலங்கியும் தலையுறையும் அணிந்திருக்க வேண்டும். ஊராட்சி மன்றங்கள் கடைகளைச் சோதித்துச் சுத்தத்துக்கு ஏ, பி, சி என்று தரம் எழுதி ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பசியாறப் போகும்போது விலைப்பட்டியலோடு அந்தத் தாளையும் ஒரு பார்வை பாருங்கள். நாசி லெமாக் பொட்டலம் காலையில் கட்டியதா, நேற்றைய மிச்சமா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எது குற்றம்? எது குற்றமில்லை?

"விமான வேலைக்குப் போனால் பிள்ளை கெட்டுப் போகும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பத்திரிகையில் வந்த ஒன்றிரண்டு செய்திகளைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்தச் செய்திகளை நாம் மறைக்க வேண்டியதில்லை.

2019-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் போதைப்பொருள் கடத்தும் கூட்டம் ஒன்று பிடிபட்டது. அதில் நம் நாட்டு மலிண்டோ ஏர் விமானப் பணியாளர்களும் இருந்தனர். அவர்களில் ஒரு தாய், நோயுற்ற தன் மகளின் வைத்தியச் செலவுக்காக ஹெராயினை உடைக்குள் மறைத்துக் கொண்டு போனதாக நீதிமன்றத்தில் சொன்னார். அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் கேரளத்தின் கண்ணூர் விமான நிலையத்தில், மஸ்கட்டிலிருந்து வந்த பணிப்பெண் ஒருவர் 960 கிராம் தங்கத்தை உடலுக்குள் மறைத்துக் கடத்தியதாகக் கைது செய்யப்பட்டார்.

"ஒரு சின்னப் பொட்டலம்தான், அங்கே கொடுத்துவிடு" என்று யாராவது காசு நீட்டினால் அது பிள்ளையின் வாழ்க்கைக்கு வைக்கும் விலை. சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் பையன்களுக்கும் இதே எச்சரிக்கைதான். வீட்டில் வைத்தியச் செலவு நெருக்கினால் பிள்ளை தன்னந்தனியாகத் தவிக்க விடாதீர்கள். கடன் பட்டாலும் சேர்ந்து படுவோம்.

ஆனால் குற்றமே செய்யாமல் வேலை இழந்தவர்களும் உண்டு. பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் என்பவர் மலேசிய விமான நிறுவனத்தில் பணிப்பெண். 1991-ஆம் ஆண்டில் அவர் கருவுற்றார். அன்றைய கூட்டு ஒப்பந்தத்தின்படி கருவுற்ற பணிப்பெண் தாமாக விலகிக்கொள்ள வேண்டும். அவர் விலக மறுத்தார். வேலை நீக்கப்பட்டார். அவர் தொடுத்த வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று. அரசியல் சட்டம் தரும் சமத்துவ உரிமை அரசாங்கத்தின் செயல்களுக்கு எதிராகத்தான் நிற்கும், தனி ஒப்பந்தத்துக்கு எதிராக நிற்காது என்று 2005-இல் தீர்ப்பாயிற்று. அவர் தோற்றார். இந்தியாவிலோ, நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண்ணின் வழக்கில், முதல் கர்ப்பத்துக்கே வேலை நீக்கும் விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1981-ஆம் ஆண்டிலேயே தள்ளியிருந்தது.

அந்தப் பெண் தோற்றாலும் கேள்வி சாகவில்லை. 2023-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி முதல் நம் நாட்டு வேலைச் சட்டம் மாறிவிட்டது. கர்ப்பமாக இருப்பதற்காக ஒரு பெண்ணை வேலை நீக்கக் கூடாது. பிரசவ விடுமுறையும் 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது. தோட்டத்தில் வேலை செய்யும் நம் பெண்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொரு வழக்கு. 25 ஆண்டு பறந்த ஒரு பணிப்பெண், நிறுவனம் வகுத்த எடை வரம்புக்கு மேல் ஒரு கிலோகூட இல்லை, சுமார் 700 கிராம் அதிகம் என்று 2017-இல் வேலை இழந்தார். பல தடவை வாய்ப்புக் கொடுக்கப்பட்டது என்று கூறி, 2020-இல் தொழிலியல் நீதிமன்றம் அந்த நீக்கம் சரியே என்றது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாழையிலைச் சாப்பாட்டின் எடை அது! சரியோ தவறோ, கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் இப்படி என்னென்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்க வேண்டும் என்பது நமக்குப் பாடம்.

கையில் கடிதம் வந்தால்

விமானத்தில் ஆனாலும் செம்பனைக் காட்டில் ஆனாலும், "நீ தவறு செய்தாய்" என்று முதலாளி சொல்லிவிட்டால் மட்டும் போதாது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 14-ஆம் பிரிவு, தகுந்த விசாரணைக்குப் பிறகே நடத்தைக் குற்றத்துக்காக ஒருவரை நீக்கலாம் என்கிறது. விசாரணைக்காக வேலையை நிறுத்தி வைத்தால் அது ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது, அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றம் இல்லை என்று தெரிந்தால் பிடித்து வைத்த மீதியையும் தர வேண்டும்.

ஆகவே, காரணம் கேட்டுக் கடிதம் வந்தால் அதைக் கசக்கி எறியாதீர்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். எழுதத் தெரியாவிட்டால் தொழிற்சங்கத்தாரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ போங்கள், கூச்சம் வேண்டாம். ஆத்திரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால், என்னை நீக்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது கடினம்.

நியாயமில்லாமல் நீக்கிவிட்டதாகக் கருதினால், 1967-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி மனுச் செய்யலாம். மனுவைத் தொழிலுறவு இலாகாவில், அதாவது ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹானில் கொடுக்க வேண்டும். கெடு 60 நாள். அறுபத்தோராம் நாள் அழுது பயனில்லை. இந்த 60 என்ற எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி வைத்தாலும் தகும்.

வேலையிடத்தில் பெண்ணிடம் எவனாவது முறைகேடாக நடந்தால், அந்தப் புகாரை விசாரிப்பது முதலாளியின் கடமை என்று 2012-ஆம் ஆண்டு முதலே வேலைச் சட்டம் சொல்கிறது. 2022-இல் பாலியல் தொல்லைக்கு எதிரான தனிச் சட்டமும் வந்துவிட்டது. "வெளியே சொன்னால் நமக்குத்தானே அவமானம்" என்று மகளின் வாயை அடைக்காதீர்கள். அவமானம் செய்தவனுக்குத்தான்.

அந்த மேசைக்குத் திரும்புவோம்

இதையெல்லாம் அன்றைக்கு அந்தக் கடையில் நான் பிரசங்கம் செய்யவில்லை. சுருக்கமாகச் சொன்னேன். "அம்மா, வேலையில் கேவலம் இல்லை. கேவலம் நடத்தையில்தான் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் நடத்தை எனக்குத் தெரியும். ஆறு வருஷம் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள், உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படிப்போம். போவதா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும்."

அவர் தலையாட்டினார். முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது. பிறகு மெதுவாக, "அவங்கப்பாவையும் கூட்டிக்கிட்டு வரேன் சார்" என்றார். அது போதும் எனக்கு.

கிளம்பும்போது என் கடைக்குட்டி தட்டை நகர்த்தி வைத்து, அந்தப் பையனிடம், "ரொட்டி நல்லா இருந்துச்சு அண்ணே" என்றாள். பையன் அன்று காலை முதல் முறையாகச் சிரித்தான். நானும் எத்தனையோ நாள், "ஏய், தே தாரிக் ஒன்று!" என்று நிமிர்ந்து பாராமலே விரல் சொடுக்கியவன்தான். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற நான், அன்று பிள்ளையிடம் கற்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் பட்டணத்துக்குப் பசியாறப் போவீர்கள். தட்டு வைக்கிற கையை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். எந்த ஊரிலோ ஒரு தாய் அந்தக் கையை நினைத்துக்கொண்டிருப்பாள். நாளைக்கு ஆகாயத்தில் யாருக்கோ தட்டு நீட்டப் போகிற கை உங்கள் வீட்டுப் பிள்ளையுடையதாகவும் இருக்கலாம்.